வங்கி வாங்கிய திறப்பு

வட்டி இல்லாத வங்கியொன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப சம்பளமாவது இருக்கோ?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "இஸ்லாமிய வங்கியெண்டால் பொட்டு வைக்க விடுவினமோ?" இரண்டுக்கும் எனக்கு அப்போது பதில் தெரியாது. ஆனால் அந்த மனுசனுக்கு முன்னால் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஓம், ஓம், எல்லாம் விடுவினம்" என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லைக் கழுவப் போய்விட்டேன்.

அந்த நாளில் அதை வங்கி என்று சொல்வதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். எங்கள் கிளை ஈஸ்ட் ஹாமுக்குக் கிட்ட, தரைவிரிப்பு விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஒடுங்கிய படி. ஏறி வருகிறவர்கள் பாதிப் படியில் நின்று, சரியான இடத்துக்குத்தான் போகிறோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். மேலே வந்தால் புதுத் தரைவிரிப்பின் நெடி, மூன்று மேசை, ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் நான். காசு வைக்க வருகிறவர்கள் என் நெற்றியைப் பார்ப்பார்கள், சுவரில் தொங்கும் அரபு எழுத்தைப் பார்ப்பார்கள், மறுபடி என் நெற்றியைப் பார்ப்பார்கள். நான் மட்டும் எதையும் பார்க்காதவள் மாதிரி "நெக்ஸ்ட் ப்ளீஸ்" என்பேன்.

முதல் நாள் மிளகளவில் ஒரு ஒட்டுப்பொட்டுத்தான் வைத்துக்கொண்டு போனேன், பயம். ஒருவரும் ஒன்றும் சொல்லாததால் அடுத்தடுத்த வாரங்களில் அது பட்டாணி அளவுக்கு வளர்ந்தது. எங்கள் மனேஜர் சூடான் நாட்டுக்காரர், நெடுநெடுவென்று உயரம், பேசினால் பக்கத்து மேசைக்கே கேட்காத குரல். ஒருநாள் ரயிலைப் பிடிக்கிற அவதியில் பொட்டு வைக்க மறந்துபோய் வந்துவிட்டேன். மனுசன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, முகத்தை உற்றுப் பார்த்து, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா, வீட்டுக்குப் போகப் போகிறாயா என்று கேட்டார். என் கணவரின் இரண்டாவது கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் ஆண்கள் எல்லோரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். தொலைபேசியும் வாசலும் என் பொறுப்பு. "லண்டனில வெள்ளிக்கிழமை மத்தியானத்தில இஸ்லாமிய வங்கியை நடத்திறது ஒரு சைவப் பொம்பிளை" என்று என் கணவர் கோயிலில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நோன்பு மாதத்தில் மற்றவர்கள் பட்டினியாக இருக்கும்போது அவர்கள் கண்முன்னே எப்படிச் சாப்பிடுவது என்று, பழைய பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்குள் நின்றபடியே சோற்றுப் பார்சலைப் பிரித்து விழுங்குவேன். மனேஜர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள் அந்த அறைக்குள் ஒரு கதிரையும் சின்ன மேசையும் போட்டிருந்தது. நோன்பு திறக்கிற நேரத்தில் பேரீச்சம்பழத் தட்டு சுற்றி வரும்போது முதல் பழம் எப்போதும் என்னிடம்தான் வரும். நான் மத்தியானம் வயிறு புடைக்கச் சாப்பிட்டவள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் வரும்.

வேலை பிடித்திருந்தது. அதை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரும்பாடு. வட்டி வாங்காத வங்கி எப்படிப் பிழைக்கும் என்று எங்கள் சனம் கேட்கும். சேமிப்புக்கு வட்டி இல்லை, வங்கி செய்கிற வியாபாரத்தில் வரும் லாபத்தில் ஒரு பங்கு என்பேன். வீட்டுக் கடன் எப்படி என்பார்கள். கடனே இல்லை, வீட்டை வங்கியும் நீங்களும் சேர்ந்து வாங்குவீர்கள், வங்கியின் பங்கில் நீங்கள் குடியிருப்பதற்கு வாடகை கொடுப்பீர்கள், மாதாமாதம் அந்தப் பங்கையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு போவீர்கள், கடைசியில் முழு வீடும் உங்களுடையது என்று, அப்போது எங்களிடம் இன்னும் தொடங்காத அந்தத் திட்டத்தைக்கூட நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன்.

"அப்ப வட்டிக்கு வாடகை எண்டு பேர் மாத்தி வைச்சிருக்கினம்" என்பார் என் கணவர்.

எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. அதை மனேஜரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. எல்லாம் முறையில்தான் இருக்கிறது என்றார். எது முதலில், எது பிறகு. வங்கி முதலில் வீட்டை வாங்க வேண்டும். வாங்கிய பிறகுதான் வாடகைக்குக் கொடுக்கலாம். தன்னிடம் இல்லாத ஒன்றை ஒருவன் வாடகைக்கு விட முடியாது, விட்டால் அந்த ஒப்பந்தமே செல்லாது. வீடு கையில் இருக்கும்போது கூரை எரிந்தால் அதில் வங்கிக்கும் நட்டம், அந்தப் பயத்தைச் சுமப்பதால்தான் வாடகை வாங்க அதற்கு உரிமை. "முதலில் வாங்கு, பிறகு கொடு" என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுவதும் சாப்பிட்டுவிட்டுக் கழுவுவதும் ஒன்றா என்று நான் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கேட்டேன். அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். எனக்குப் பெரிய சந்தோசம்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் தனியாக வங்கியை நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அவர் படியேறி வந்தார். பஸ் ஓட்டுநரின் சீருடை, தொழுகைக்குப் போகமுடியாத ஷிப்ட் போல, நரைக்கத் தொடங்கிய தாடி. வந்தவர் என் பொட்டைக் கண்டதும் வெளியே போய்ப் பெயர்ப்பலகையை ஒருமுறை வாசித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அந்த ஆங்கிலத்துக்குள்ளே எங்கள் ஊர் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"தமிழிலயே சொல்லுங்கோ" என்றேன்.

மனுசன் திகைத்துப்போனார். "நீங்கள் யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"நானும் யாழ்ப்பாணந்தான்" என்றார். யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஒருவரும் யாழ்ப்பாணத்துச் சைவப் பெண் ஒருத்தியும் எதிரெதிரே நின்றால், இருவருக்கும் நடுவில் சொல்லாத ஒன்று வந்து நின்றுகொள்ளும். பிறகு அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "இஞ்ச வட்டி இல்லாமல் வீடு வாங்க ஏதும் வழி இருக்கோ, தங்கச்சி?"

"இன்னும் தொடங்கேல்லை, அண்ணை. வரும் எண்டு சொல்லுகினம்."

"பரவாயில்லை. நாங்கள் காத்திருந்து பழகின ஆக்கள்" என்று ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஷிப்ட் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்து வருவார். "என்ன தங்கச்சி, தொடங்கிட்டினமோ?" என்பார். "இல்லை அண்ணை." "சரி, வாறன்." இது வருடக்கணக்கில் நடந்தது. அண்ணை என்று கூப்பிட்டது எப்போது நானா ஆனது என்று எனக்கே ஞாபகமில்லை. அவர்கள் வீடுகளில் அண்ணனுக்கு நானா, அக்காவுக்கு ராத்தா.

ராத்தா என்றால் அவருடைய மனைவி. ஒரு பெருநாளுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வாடகை வீடு, இரண்டு அறை. உள்ளே போனதும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது கதிரையில் இருந்த மணிக்கூடு. பெரிய சுவர் மணிக்கூடு, சுவரில் இல்லை, நல்ல கதிரை ஒன்றில் விருந்தாளி மாதிரிச் சாய்ந்துகொண்டிருந்தது. நான் பார்ப்பதை ராத்தா பார்த்துவிட்டார்.

"வீட்டுக்காரன் ஆணி அடிக்க விடமாட்டான்" என்றார். "எங்கட வீட்டில மணிக்கூடு கதிரையில இருக்கும், மனிசர் நிலத்தில இருப்பம். நீ இதில இரு பிள்ளை, அதை நான் எடுக்கிறன்."

சாப்பிட்டு முடித்த பிறகு அவர் தானாகவே சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தை விட்டுப் போ என்று ஆயுதம் வைத்திருந்த தமிழ் இயக்கம் முஸ்லிம்கள் எல்லோருக்கும் சொன்ன அன்று, வீட்டைக் கூட்டி, கோழிகளுக்குத் தீனி போட்டு, கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் புறப்பட்டாராம். சந்தியில் நின்றவர்கள் கையை நீட்டித் திறப்பைக் கேட்டார்கள். "எங்கட பொடியங்கள் மாதிரித்தான் இருந்தவங்கள். பிறகு வந்து வாங்குங்கோ எண்டு சொன்னவங்கள். நானும் நம்பித்தான் குடுத்தனான்." அதற்குப் பிறகு புத்தளத்தில் முகாம், பிறகு கொழும்பில் ஓர் அறை, பிறகு லண்டனில் வீடு மாறி வீடு. எங்கேயும் ஒரு சுவரிலும் ஒரு ஆணி அடித்ததில்லை. வட்டிக்கு எடுத்தால் எப்போதோ வாங்கியிருக்கலாம். பறிகொடுத்த வீட்டுக்குப் பதிலாக வருகிற வீட்டில் மார்க்கம் தடுத்த காசு ஒரு பைசாகூடக் கலக்கக் கூடாது என்பதில் இருவரும் ஒரே பிடியாக இருந்தார்கள். "ஒருத்தரும் வந்து கேட்க ஏலாத வீடா இருக்க வேணும்" என்றார் ராத்தா. "அது போதும்."

தொண்ணூறில் நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். அதற்கு அடுத்த கிழமை வகுப்பில் நாங்கள் வரிசையாக இருக்கிற வாங்குகளில் சில வெறுமையாக இருந்தன. ரீச்சர் பெயர் கூப்பிடும்போது சில பெயர்களைக் கூப்பிடாமல் தாண்டிப் போனார். எங்களில் ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்கிற காலமும் இல்லை அது. ராத்தாவுக்கு முன்னால் இருந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் செய்ததற்கில்லை, நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தக் கையை நீட்டியவர்கள் பேசியது என் தமிழ். ராத்தா தந்த சர்பத்தைக் குடித்தேன்.

இதற்கிடையில் வங்கி வளர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் மாடியிலிருந்து இறங்கிப் பெரிய வீதியில் கண்ணாடி முகப்பு வைத்த இடத்துக்கு வந்தோம். பிறகு நதிக்கரைப் பக்கம் உயரமான கட்டடத்தில் ஒரு முழுத் தளம், பிறகு இரண்டு. பெயர் தெரியாத ஆட்கள் பெருகினார்கள். லாபப் பங்கு நல்ல வீதத்தில் வருகிறது என்று கேள்விப்பட்டு வெள்ளைக்காரர் வந்தார்கள், குஜராத்திகள் வந்தார்கள், ஈஸ்ட் ஹாமில் எங்கள் நகைக்கடைக்காரர் வந்தார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி, மிகச் சாதாரணமான குரலில், "உங்கட வங்கியில ஒரு வருசத்துக்குப் போட்டால் என்ன வீதம்?" என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சம்பளம் இருக்கோ எண்டு கேட்ட ஆள்தானே நீங்கள்?" என்றேன். அடுத்த நாளே கணக்குத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு கோயிலில் அவர்தான் எங்கள் வங்கியின் பிரசாரகர்.

வீட்டுத் திட்டமும் வந்தது. வந்த அன்றே நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "என்ன தங்கச்சி, தொடங்கிட்டினமோ?" என்றார் வழக்கம்போல, சும்மா. "ஓம் நானா" என்றேன். மறுபக்கத்தில் பஸ் எஞ்சினை அணைக்கும் சத்தம் கேட்டது. "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார்.

அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதனால் கொஞ்சம் இழுபறிப்பட்டது. இன்னும் தள்ளிப்போனால் வயது தாண்டிவிடும், இனி ஒரு சந்தர்ப்பம் வராது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் எங்கள் மனேஜர்தான் ஓய்வுபெறுவதற்கு முன்னால் அதைப் பார்த்துச் சரி என்றார். ஈஸ்ட் ஹாமில் ஒடுங்கிய வரிசை வீடு ஒன்று, முன்னால் ஒரு குப்பைத்தொட்டி நிற்கிற அளவுக்கு முற்றம். திறப்பு கிடைத்த அன்று ராத்தா எனக்குத் தொலைபேசி எடுத்தார். காதில் வைத்தேன். டொக், டொக், டொக் என்று சத்தம்.

"கேட்டுதோ பிள்ளை?" என்றார். "நானே ஆணி அடிக்கிறன். அவரை அடிக்க விடேல்லை."

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வங்கி சின்னதாக இருந்த காலத்தில் எல்லாத் தாள்களும் ஒரே மேசையில் வைத்து, மனேஜர் பக்கத்தில் நிற்க, ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் கையெழுத்தாகும். வளர்ந்த பிறகு அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? எல்லாம் கைபேசிக்கு வரும், விரலால் தட்டினால் கையெழுத்து. நானாவுக்கும் அப்படித்தான் வந்தது. மனுசன் இத்தனை வருடம் காத்திருந்தவர், பஸ் டிப்போவில் தேத்தண்ணி இடைவேளையில் கைபேசியைத் திறந்து, வந்ததையெல்லாம் ஒரே மூச்சில் தட்டிவிட்டார். வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்து. வங்கி அந்த வீட்டை வாங்கி முடித்ததோ அடுத்த நாள். அதாவது, வங்கி தன்னிடம் இல்லாத வீட்டை நானாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறது. கணினி தடுத்திருக்க வேண்டும், அதற்கு அப்படித் தடுக்கச் சொல்லித்தர ஒருவருக்கும் தோன்றவில்லை. வேறு எந்த வங்கியிலும் இதைப் பிழையென்றே சொல்லமாட்டார்கள். எங்களிடம் இது அத்திவாரத்திலேயே வெடிப்பு.

சில மாதம் கழித்து இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஷேக். வங்கி செய்வதெல்லாம் மார்க்கத்தின்படி சரியா என்று பார்க்கிற அறிஞர். ஷேக் என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி ஆள் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே பிறந்து வளர்ந்தவர், அந்தப் பக்கத்து ஆங்கிலம் எனக்குப் பாதி விளங்காது, மழையானாலும் சைக்கிளில்தான் வருவார். புது மனேஜர், இளம் ஆள், புதுத் தாள் ஒன்றைக் கைபேசிக்கு அனுப்பி இன்னொரு தடவை தட்டச் சொன்னால் போயிற்று என்றார். ஷேக் தலையை ஆட்டினார். இதுவரை வாங்கிய வாடகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு குடியிருப்பவர்கள் வெளியே வந்து, வீட்டைத் திறப்போடு வங்கியிடம் ஒப்படைத்து, அதற்குப் பிறகு வங்கி முறையாக வாடகைக்குக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் மனத்தில் ஒரு தூசியும் இருக்காது என்றார்.

அந்தக் கூட்டத்தில் நான் குறிப்பெடுக்கத்தான் இருந்தேன். பேச வேண்டியவள் இல்லை. "லண்டனில் யாரிடமும் போய்த் திறப்பைக் கேளுங்கள், அந்த வீட்டில் மட்டும் கேட்காதீர்கள்" என்று என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. புது மனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். நான் சந்தியையும் நீட்டிய கையையும் கோழிகளையும் சொல்லி முடிக்கும்வரை ஷேக் தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், புதுத் தாளில் கையெழுத்து வைத்தால்கூட அது செல்லும், தான் சொன்னது இன்னும் சுத்தமான வழி, கட்டாயமில்லை என்றார். அவர்களே தெரிவு செய்யட்டும், ஆனால் இரண்டு வழியையும் அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றார். சொல்லப் போக வேண்டியவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போனேன். மணிக்கூடு சுவரில் இருந்தது. கதிரையில் நான் இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், ஒரு பிழை நடந்துவிட்டது என்று தொடங்கினேன். நானா கவனமாகக் கேட்டார், தன் அவசரத்தை நினைத்துத் தலையில் கை வைத்தார். ராத்தா திறப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"வீடு போகப் போகுதோ?"

"இல்லை ராத்தா, சத்தியமா இல்லை. வாங்கிப்போட்டு உடனே தந்திடுவம்."

"அண்டைக்கும் அப்படித்தான் சொன்னவங்கள்" என்றார்.

நானாதான் பேசினார். "இவ்வளவு காலம் காத்திருந்தது முறையா வாங்கத்தானே. வந்து சேர்ந்த பிறகு அரைகுறையா விடுறதோ? முறைப்படியே செய்வம்." ராத்தா அவர் பக்கம் திரும்பவில்லை. "நீங்கள் வேணுமெண்டால் ஆயிரம் தாளில கையெழுத்து வையுங்கோ. திறப்பு நான் தரமாட்டன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திரங்கள் தேவையில்லாமல் கழுவப்படும் சத்தம் கேட்டது. நானா என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, "விடுங்கோ தங்கச்சி, அவ யோசிக்கட்டும்" என்றார். பஸ் தரிப்பில் நின்றபோது எனக்கு என் வங்கியின் மேல் கோபம், ஷேக்கின் மேல் கோபம், யாழ்ப்பாணத்தின் மேல் கோபம்.

அடுத்த கிழமை தொலைபேசி வந்தது.

"ஆர் வருவினம் திறப்பு வாங்க?" என்றார் ராத்தா, எடுத்த எடுப்பில்.

"ஷேக் வருவார். வங்கியில இருந்து ஒராள் வரும்."

"நீ வருவியோ?"

"ஓம் ராத்தா."

"உன்ர கையில எண்டால் தாறன். வேற ஆர்ற கையிலயும் இல்லை."

ஏன் என் கை என்று நான் கேட்கவில்லை. எனக்கு விளங்கியது, விளங்கியதால் அன்றிரவு நித்திரை வரவில்லை. என் கணவரிடம் சொன்னேன். எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற மனுசன், அன்றைக்கு எழும்பிப் போய் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டார்.

சனிக்கிழமை காலை. மழை பெய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வானம். ஷேக் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார். நானா வேலைக்குப் போடும் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக வெளியே வந்தார். கடைசியாக ராத்தா. கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டு விழுந்துவிட்டதா என்று தள்ளிப் பார்த்தார். பிறகு திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றார். நான் கையை நீட்ட வேண்டும். நீட்டினால்தான் தருவார். என் கை எழும்பவே மாட்டேன் என்றது. ஒரு யாழ்ப்பாணத்துக் கை, திறப்புக்காக, இந்த மனுசிக்கு முன்னால். எப்படி நீட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. ராத்தா என் கண்ணைப் பார்த்தபடி அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தானே மடக்கிவிட்டார். திறப்பு சூடாக இருந்தது.

வங்கி வீட்டைப் பெற்றுக்கொண்டது என்று நான் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று ஷேக் முன்னமே சொல்லியிருந்தார். அவர் புது ஒப்பந்தத்தை எடுத்து மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். இந்த முறை கைபேசி இல்லை, தாள், பேனா. இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது ராத்தா மூக்கை உறிஞ்சினார். எனக்கும் ஏதோ தீயும் மணம் வந்தது.

"ஐயோ, பால்!" என்றார் ராத்தா. "உங்களுக்குத் தேத்தண்ணி போட அடுப்பில வைச்சனான்!"

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். கதவு பூட்டியிருந்தது, பூட்டியவர் அவரேதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாடகை ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஷேக் தொண்டையைச் செருமிக்கொண்டு, வங்கி என்ன சொல்கிறது என்று என்னிடம் கேட்டார், முகத்தில் சிரிப்பை மறைக்கப் பார்த்தபடி. நான்தான் வங்கி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நில்லுங்கோ ராத்தா, நான் போறன்" என்று திறந்துகொண்டு உள்ளே ஓடினேன்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து சீறிக்கொண்டிருந்தது. அணைத்தேன். யன்னலைத் திறந்தேன். திரும்பியபோது வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது, சுவரில் மணிக்கூட்டின் சத்தம் மட்டும். மேசையில் நானாவின் கண்ணாடி, கொடியில் ராத்தாவின் முக்காடு, தட்டில் மூடி வைத்த பலகாரம். வீட்டுக்காரர் தெருவில் நிற்கிறார்கள். திறப்பு என் கையில். இப்படித்தானே அன்றைக்கும் யாரோ அவர்களுடைய வீட்டுக்குள் நின்றிருப்பார்கள், அடுப்பைப் பார்த்திருப்பார்கள், கோழிகளைப் பார்த்திருப்பார்கள். எனக்கு அங்கே இன்னொரு மூச்சு விடவும் பிடிக்கவில்லை. வெளியே ஓடிவந்தேன்.

"முழுக்கப் பொங்கி வழிஞ்சிட்டுது" என்றேன்.

"என்ர புது அடுப்பு!"

"எங்கட ஆக்கள் புது வீட்டுக்குப் போகேக்க பாலைப் பொங்க விட்டுத்தான் குடிபுகுவினம், ராத்தா. நல்லதுக்குத்தான்."

நானா வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப உங்கட முறைக்கும் சரி, எங்கட முறைக்கும் சரி. இனி என்ன?" ஷேக்குக்கு ஆங்கிலத்தில் சொன்னோம். பால் பொங்குவதற்கு எதிராகத் தான் எங்கேயும் வாசித்ததில்லை என்றார். மழை தூறத் தொடங்கியது. நானா சைக்கிள் இருக்கையின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார், ஷேக் தன் மழைக்கோட்டை விரித்து மேலே பிடித்துக்கொண்டார். ராத்தா போட்டார். கடைசியில் வங்கிக்காக நான் போட்டேன்.

"முதலில் வாங்கு, பிறகு கொடு" என்ற அந்த உயரமான மனுசனின் குரல் எனக்குக் கேட்டது. வாங்கியாயிற்று. திறப்பை ராத்தாவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை எங்கள் இருவருக்கும் மேலே விழுந்தது. அவர் முகாமைப் பற்றிச் சொன்னபோதும் அழாதவர், கோழிகளைப் பற்றிச் சொன்னபோதும் அழாதவர்.

"இந்தாங்கோ ராத்தா" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். "திருப்பித் தந்திட்டாய் பிள்ளை" என்றார். "திருப்பித் தந்திட்டாய்." தெருவென்றும் பார்க்காமல் விக்கி விக்கி அழுதார். நானும் அழுதேன், வங்கியின் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு. ஷேக் சைக்கிளின் மணியைத் துடைப்பவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு ராத்தா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவைத் தானே திறந்தார். நானா பால் வாங்கக் கடைக்குப் போனார். அடுப்பைத் துடைக்க நான் ராத்தாவோடு உள்ளே போனேன்.